மாடிப்படி லிக்

கதவு திறந்துதான் இருந்தது. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னங்க, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்களேன்" என்றாள்.

அவர் மடியில் கிட்டார் இருந்தது. இடது கை விரல்கள் கம்பிகளின் மேல் ஓரிடத்தில் அழுந்தி நின்றிருந்தன. எடுத்தால் பிடிபட்டது கைநழுவிவிடும். வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம் பொறு என்று அதற்குப் பொருள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பையைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தாள். அது சாய்ந்து இரண்டு வெங்காயம் உருண்டு ஓடின. அதையும் எடுக்காமல் தானே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்த பிறகு இரண்டு கையையும் மேடையில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். அவருக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அதற்குள் விரலுக்கு அது வசப்பட்டுவிட்டது.

"இங்க வாயேன். கேளேன் இதை."

வந்து நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். வாசித்தார். சிறிய ஒன்றுதான், சொல்லத் தொடங்கி முடிப்பதற்குள் முடிந்துவிடும். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"நல்லாருக்கு. ஆனா ஏங்க நடுநடுவுல நின்னு நின்னு வருது?"

"அதுதாம்மா அதோட அழகே."

"அப்ப சரி" என்று எழுந்துபோய் வெங்காயத்தைப் பொறுக்கினாள்.

மறுநாள் காலை, அவள் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையில், ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தவள், பேச்சின் நடுவிலேயே கீழே உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அவள் கணவரைக் குடிநீர் வாரியத்தில் எல்லோரும் காது என்றுதான் கூப்பிடுவார்கள். ரோட்டுக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்வது அவர் வேலை. விடிந்தும் விடியாத நேரத்தில், வண்டி நடமாட்டம் தொடங்குவதற்கு முன், இரும்புக் கோல் ஒன்றைக் குழாய் வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்துக்கொள்வார். தண்ணீர் ஒழுங்காக ஓடினால் ஒரு சத்தம். எங்காவது விரிசல் கண்டு பீறிட்டால் வேறு சத்தம். கொஞ்ச தூரம் நடந்து கேட்டு, திரும்பி வந்து கேட்டு, சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். தோண்டுகிற ஆட்கள், "காது சொன்னா கண்ணை மூடிட்டுத் தோண்டலாம்" என்பார்கள். "கண்ணைத் திறந்தே தோண்டுங்கப்பா, என் கால் அங்கதான் இருக்கு" என்பார் அவர்.

விடியற்காலை வேலை என்பதால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வந்து குளித்துச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் சாயங்காலம் முழுக்கக் கிட்டார்தான். நாற்பது வயதுக்கு மேல் பிடித்த பைத்தியம் அது, அதிலும் ஜாஸ். மனைவிக்கு அதில் ஒரே ஒரு குறைதான். "இதுக்கு மட்டும் துணி போட்டுத் தினம் துடைச்சு விடறீங்க. ஃபேன் றெக்கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள்.

ஜாஸில் எழுதி வைத்ததை வாசிப்பது குறைவு. பாட்டின் உருவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பேச்சு வருவதுபோல அந்த நேரத்துக்கு விரலில் வருவதை வாசிக்க வேண்டும். ஆனால் ஒன்றும் இல்லாதவன் வாயில் பேச்சு எங்கிருந்து வரும்? அதற்குத்தான் லிக். நாலைந்து சுரம், போனால் பத்து சுரம், ஒரு வாக்கியத்தின் துண்டு மாதிரி. இசைத்தட்டில் யாரோ வாசித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு, முதலில் வாயால் பாடி, பிறகு கம்பியில் தேடிப் பிடித்து, எல்லாச் சுருதியிலும் கை தடுமாறாமல் வரும்வரை வாசிக்க வேண்டும். அதோடு விட்டால் அது இன்னொருவர் பேச்சு. அதை வளர்க்க வேண்டும். வால் பக்கத்தை மாற்றிப் பார்க்கலாம், தாளத்தில் அரை அடி தள்ளித் தொடங்கலாம், பாதியில் வெட்டலாம். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது வாசிக்கிறவனுடையதாகும்.

அவருக்குக் கேட்டுப் பிடிப்பதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. ஒரு தடவை கேட்டால் போதும். வளர்ப்பதுதான் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலங்களில் ஒரு பேக்கரியின் மாடியில் மூன்று பேராகச் சேர்ந்து வாசித்தார்கள். பேக்கரிக்காரர் டிரம்ஸ். மாவு பிசைந்து பிசைந்து தோள் இரண்டும் உரலாக இருக்கும், ஆனால் குச்சி விழுவது இறகு மாதிரி. இன்னொருவர் பல் டாக்டர், தன்னைவிட உயரமான பாஸ் என்ற தந்தி வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நின்று வாசிப்பவர். காப்பியும் கேக்கும் வாங்கிக்கொண்டு மேலே வருகிறவர்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

டாக்டர்தான் ஒருநாள் கட்டிவைத்துப் பல்லைப் பிடுங்குவதுபோலச் சொன்னார். "காது, நீ வாசிக்கிறது ஒப்பிக்கிற மாதிரி இருக்குப்பா. நிறுத்தினா அடுத்தது மறந்துடும்னு பயந்து ஓடுறே. என் நாற்காலியில வாயைப் பொளந்துட்டுக் கிடக்கறவன்கூட நடுவுல மூச்சு விடறான். நீ விடமாட்டேங்கறியே."

பேக்கரிக்காரர் சிரித்தார். காதுவும் சிரித்துவைத்தார். ஆனால் வீடு வரும்வரை உறுத்தியது. உண்மையாக இருந்ததால் உறுத்தியது.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அது நடந்தது. அவர் வழக்கம்போல ஒரே மூச்சில் ஓடுகிற லிக் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். கீழே மனைவி படியேறும் சத்தம். அவள் செருப்புக்கு அடியில் கட்டைபோல ஒரு சத்தம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏறுவது ஒரே சீராக, எண்ணெய் போட்ட தையல் மிஷின் மாதிரி இருக்கும். தன்னையறியாமல் அந்த நடைக்கே வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில், இரண்டாம் மாடித் திருப்பத்தில், சத்தம் நின்றது. அவர் விரலும் நின்றது. மறுபடி படி கேட்டது. விரலும் கிளம்பியது. கடைசியில் அவர்கள் வாசலுக்கு முன்னால் பெயர்ந்து ஆடிக்கொண்டிருக்கும் ஒரு டைலில் அவள் கால் வைத்தாள். டொக். தாளத்தில் விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இடுக்கில் விழுந்தது. அதே இடத்தில் கடைசிச் சுரத்தை வைத்தார்.

அவருக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த இடைவெளிக்குப் பிறகு வந்த சுரம், அதே பழைய சுரம்தான், ஆனால் யாரோ யோசித்துச் சொன்னதுபோல இருந்தது.

அவள் உள்ளே வந்து, "என்ன, பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள். ஏன் நின்றாய் என்று கேட்கத் தோன்றவில்லை. பை கனம் என்றோ, கீழ்வீட்டு அம்மாளிடம் பேச்சு என்றோ ஏதாவது இருக்கும். கேட்டால் அடுத்த நாள் நிற்காமல் வந்துவிடுவாளோ என்றும் ஒரு மூலையில் தோன்றியது. அதை அப்போது அவர் நின்று பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்குக் கிட்டாரோடு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். நிறுத்தம் இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே கொஞ்ச நாள் இருந்தது. பிறகு முன்னால் நகர்ந்தது. பிறகு இரண்டு நிறுத்தமாயிற்று. ஒரு வாரம் கடைசிப் படிகளுக்கு முன் ஒரு நீண்ட மௌனம் வந்தது. அதற்கப்புறம் இரண்டே அடி, பிறகு டொக். அதைக் கேட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு நன்றாக இருந்தது. லிக்கைப் பிள்ளை மாதிரி வளர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். இது தானே வளர்ந்தது. இவர் தினம் அதன் அளவுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

அந்த டைலைப் பூசச் சொல்லி அவள் பலமுறை சொல்லிவிட்டாள். "யாராவது தடுக்கி விழப்போறாங்க. கொஞ்சம் வெள்ளை சிமெண்ட் வாங்கி அப்பிவிட்டா என்ன?" நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். பூசினால் கடைசிச் சுரம் போய்விடும்.

பேக்கரி மாடியில் அதை முதல்முறை வாசித்தபோது டாக்டர் பாஸை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும், "இப்பத்தான்யா மூச்சு விட்டிருக்கே" என்றார். எங்கே பிடித்தாய் என்று இரண்டு பேரும் துளைத்தார்கள். இவருக்கும் மறைக்க எண்ணமில்லை. சொன்னார். பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றே அதற்கு மாடிப்படி என்று பெயர் வைத்தார். அதன் பிறகு ஞாயிறுதோறும், "அண்ணே, மாடிப்படில இந்த வாரம் என்ன விசேஷம்?" என்று கேட்பார். இவரும் பெருமையாக, "புதுசா ஒரு நிறுத்தம் கிடைச்சிருக்கு" என்பார்.

மகள் வேறு ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். அம்மா இறந்த செய்தி கேட்டுக் கிளம்பி வந்தவள், எல்லாம் முடிந்த பிறகும் கொஞ்ச நாள் அப்பாவோடு இருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசியதும் அவள்தான். ஒரு காலையில் அவர் தொட்டியடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, டாக்டர் சொல்றாரு, இது ஒரே நாள்ல வந்ததில்லையாம். இதயம் ரொம்ப நாளாவே பலவீனமாகிட்டு வந்திருக்காம். மாடி ஏறினா மூச்சு வாங்கியிருக்கும், நின்னு நின்னுதான் வந்திருப்பாங்கங்கறாரு. அப்படி ஏதாவது இருந்துச்சாப்பா?"

நின்னு நின்னு. அவள் அம்மா சொன்ன அதே சொல். டம்ளரில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் குழாயை மூடினார்.

"இல்லம்மா. நல்லாத்தான் ஏறி வந்துட்டிருந்தா."

மகள் பெருமூச்சு விட்டாள். "உங்களுக்கே கேக்கலைன்னா அப்ப இருந்திருக்காது" என்றாள். ஊருக்கு வரவில்லை, அடிக்கடி வந்திருந்தால் கவனித்திருப்பேன் என்று அதுவரை அவள் தன்னையே குத்திக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம்தான் முதல்முறையாக ஒரு தட்டு சோறு முழுசாகச் சாப்பிட்டாள். அப்பாவின் காதின் மேல் இருந்த நம்பிக்கையில் சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தட்டில் கை போகவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தார். நாளைக்கு என்று வைத்தார். அந்த வீட்டில் நிறைய விஷயங்கள் அப்படித்தான் நாளைக்கு என்று இருந்தன.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, மகள் அவரைப் பேக்கரிக்குக் கிளப்பினாள். "அம்மா போன்ல சொன்னாங்கப்பா. உங்கப்பா புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கார், இப்பத்தான் அவர் வாசிக்கிறது எனக்குப் புடிக்கிதுன்னு. அதைக் கேக்காம நான் எப்படிப் போறது?"

கம்பி அறுந்திருக்கிறது என்றார். புதுக் கம்பி அலமாரியிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். விரல் வலி என்றார். வெந்நீர் போட்டாள். அதற்கு மேல் என்ன சொல்வது?

மத்தியானம் எதையோ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேக்கரிக்குப் போனார். கேட்டுக்கொள்வதென்றுதான் போனார். மகளுக்கு முன்னால் மாடிப்படி என்ற பேச்சை எடுக்காதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேக்கரிக்காரர் நல்ல மனுஷன், கேட்பார். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற அவர், இவரைப் பார்த்ததும் கையில் மாவு ஒட்டியிருப்பதைக்கூட மறந்து வெளியே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. ஏன் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டால் பதில் வேண்டுமே. அந்தப் பதிலை வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும். கையெல்லாம் மாவோடு வீடு திரும்பினார். மகள், "என்ன வாங்கினீங்க?" என்றாள். "மறந்துட்டேன்" என்றார்.

சாயங்காலம் மாடியில் வழக்கமான முகங்கள்தான் இருந்தன. மகள் முன்வரிசையில், அவள் அம்மா எப்போதாவது வந்தால் உட்காரும் சுவரோர நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் வாசிக்கத் தொடங்கினார். பழைய லிக்குகள் எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டினார். ஓர் இடுக்கு விடவில்லை. எங்காவது நிறுத்தினால் அங்கே மாடிப்படி வந்து உட்கார்ந்துவிடும் என்று பயம். டாக்டர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். துக்கத்தில் இருப்பவனை என்ன சொல்வது என்று விட்டிருப்பார்.

இடைவேளையில் பேக்கரிக்காரர் தட்டில் கேக் துண்டுகளோடு மகளிடம் வந்தார். "எப்படிம்மா இருக்கே? உங்கப்பா இன்னைக்குச் சரியில்ல. அவரோட சொந்தச் சரக்கு ஒண்ணு இருக்கு, அதை எடுக்கவே மாட்டேங்கறார்."

"அதைக் கேக்கத்தான் அங்கிள் வந்தேன். என்ன அது?"

காது கிட்டாரின் சுருதியைத் திருகிக்கொண்டிருந்தார். சுருதி சரியாகத்தான் இருந்தது.

"மாடிப்படி" என்றார் பேக்கரிக்காரர். "உங்கம்மா கொடுத்துட்டுப் போனதும்மா அது. அண்ணன் சொல்லலையா?" பின்பாக்கெட்டிலிருந்து குச்சிகளை உருவினார். பேசுவதைவிட வாசித்துக் காட்டுவது அவருக்குச் சுலபம். மேசை விளிம்பில் தட்டினார். "சாயங்காலம் அவங்க படியேறி வருவாங்களாம். உள்ள அண்ணன் கிட்டாரை வச்சுக்கிட்டு ரெடியா உக்காந்திருப்பார். பாரு, இப்படித்தான் ஏறுவாங்க." சீராகச் சில தட்டு. நின்றார். மறுபடி தட்டினார். "முதல்ல ஓர் இடத்துலதான் நிப்பாங்க. அப்புறம் ரெண்டு இடம். கடைசிக் கடைசில, கேளு." இரண்டு தட்டு, நிறுத்தம். இரண்டு தட்டு, நீண்ட நிறுத்தம். குச்சி அந்தரத்தில் நின்றது. "வாரா வாரம் வந்து புதுசா ஒரு நிறுத்தம் கிடைச்சிருக்குன்னு அண்ணன்..."

அந்தரத்தில் நின்ற குச்சி கீழே வரவில்லை. பேக்கரிக்காரரின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் கண் மாறிவிட்டது. மெதுவாக மகளைப் பார்த்தார். பிறகு காதுவைப் பார்த்தார். குச்சிகளை ஓசைப்படாமல் மேசைமேல் வைத்தார்.

டாக்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாஸின் கழுத்தைப் பிடித்தபடி, "நானும்..." என்று தொடங்கினார். "மூச்சு விடுன்னு நான்தானே..." முடிக்கவில்லை. பல்லைத் தவிர மற்றதையும் அவர் ஒரு காலத்தில் படித்தவர்.

மகள் எழுந்தாள். கேக் தட்டை இரண்டு கையாலும் நகர்த்தி மேசையின் நடுவில் வைத்தாள். "அப்பா, வீட்டுக்குப் போலாமா?" என்றாள். குரல் வகுப்பில் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல மிருதுவாக இருந்தது. திட்டியிருந்தால் அவருக்குப் பரவாயில்லை.

தெருவெல்லாம் அவர் கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு ஓர் அடி பின்னால் நடந்தார். எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர் வணக்கம் சொன்னார். பதிலுக்கு இவர் கை எழும்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதுபோல இருந்தது. ரோட்டில் அவரே போட்ட ஒரு சாக்கட்டி வட்டம் இருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

கட்டடத்தின் அடியில் மகள் நின்றாள். "நீங்க முன்னாடி ஏறிப் போங்க. போய் எப்பவும் உக்கார்ற இடத்துல உக்காருங்க."

"எதுக்கும்மா?"

"போங்கப்பா."

ஏறினார். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. கீழே அவள் ஏறத் தொடங்கினாள். வயசுப்பிள்ளை நடை, லேசாக, எங்கும் நிற்காமல். முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடித் திருப்பம் தாண்டியது. ஒவ்வொரு படியும் அவருக்குக் கேட்டது. படியில் கிடந்த மணல் அவள் செருப்பின் கீழ் நெரிந்தது கேட்டது. கைப்பிடிக் கம்பியில் அவள் வளையல் உரசியது கேட்டது. ஒரு கிட்டாரும் இல்லாத அமைதியில் எல்லாம் கேட்டது. இவ்வளவும் அன்றைக்கும் கேட்டிருக்கும். மூச்சும் கேட்டிருக்கும்.

வாசலுக்கு ஓர் அடி முன்னால், அந்த டைலை மிதிக்காமல், மகள் நின்றுவிட்டாள்.

அவர் காத்திருந்தார். பிறகு, காத்திருக்கிறோம் என்பது உறைத்து, எழுந்துபோய் வாசலில் நின்றார். மகள் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முகம் நனைந்திருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"நான் வேற ஊர்ல இருந்தேம்ப்பா. எனக்குக் கேக்காது." அவள் நிறுத்தினாள். "நீங்க இங்க இருந்தீங்க. கதவையும் திறந்து வச்சுட்டு."

அவருக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இதுவரை வந்தது வந்துவிட்டது, மிச்சத்தையும் தானே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி இவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க முடியாது.

"உங்கம்மா போறதுக்கு முந்தின நாள் தண்ணி கேட்டா. இதே இடத்துல நின்னு. நான் குடுக்கல." ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். "இப்படிக் காட்டினேன்."

மகள் அந்த விரலைப் பார்த்தாள். நுனியில் கம்பி மீட்டும் பிக்கைப் பிடித்துப் பிடித்துத் தோல் தடித்துப்போன விரல். அவர் அதை இறக்க மறந்து நின்றார். கடைசியில் அவளே கையை நீட்டி அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். அது அணைப்பும் இல்லை, உதறலும் இல்லை. பிறகு அவரைத் தாண்டி உள்ளே போனாள். டைல் டொக் என்றது.

சமையலறையில் அவள் தண்ணீர் பிடித்துக் குடிப்பது கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு டம்ளர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுக் குனிந்து வாசலைப் பார்த்தாள்.

"இதை ஏம்ப்பா இன்னும் பூசல? அம்மா என்கிட்டயே எத்தனை தடவை சொல்லியிருக்காங்க."

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அதையும் சொன்னார். மகள் உட்கார்ந்துகொண்டு, டைலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு அந்த லிக் புடிச்சிருந்துச்சுப்பா" என்றாள். "அதான் எனக்குத் தாங்கல."

மறுநாள் ஊருக்குக் கிளம்பினாள். பெட்டியை அவர் கீழே வரை தூக்கிக்கொண்டு போனார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

இப்போது சாயங்காலம் போன் பண்ணுகிறாள். சாப்பாடு, மாத்திரை, கேஸ் சிலிண்டர் என்று பேச்சு போகும். மன்னித்துவிட்டாளா என்று அவர் கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கில்லை என்று நினைக்கிறார். அவள் பேச்சின் நடுவில் சில சமயம் மௌனமாகிவிடுவாள். அந்த மௌனத்தில் அவர் அவசரமாக, "என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிடுவார். "ஒண்ணுமில்லப்பா, அடுப்பைப் பாத்தேன்" என்பாள்.

பேக்கரிக்கு மறுபடி போகத்தான் செய்தார். டாக்டர் இவர் வீட்டுக்கே வந்து, கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார், பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. ஆனால் இப்போது பாட்டுக்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கும் கார்டு சுரங்களை மட்டும்தான் போடுகிறார், மற்றவர்களுக்குப் பின்னால், அடக்கமாக. தனியாக வாசிக்கும் முறை வரும்போது பேக்கரிக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். அவர் எடுத்துக்கொள்வார். ஓரிரு தடவை வீட்டில் முயன்று பார்த்தார். எந்தப் பழைய லிக்கை எடுத்தாலும் விரல் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிடுகிறது. மேலே போக மறுக்கிறது. கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஃபேன் றெக்கையைத் துடைத்தார்.

சாயங்காலம் படியில் யாருடைய செருப்புச் சத்தம் நின்றாலும் எழுந்து இறங்கிப் போய்விடுகிறார். கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் பையைத் தரையில் வைத்துவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் தண்ணீர் டம்ளரோடு எதிரே போய் நின்றார். "நான் ஒண்ணும் கேக்கலையே சார்" என்றாள் அவள் திகைத்துப்போய். "பரவால்ல, குடிங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்து அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் குடித்தாள்.

மகள் கேட்ட பிறகு வெள்ளை சிமெண்ட் வாங்கினார். பொட்டலம் செருப்பு ஸ்டாண்டின் மேல், மனைவி பை வைக்கும் இடத்தில் இருக்கிறது. வாசலில் அந்த டைல் இன்னும் ஆடுகிறது.